கொடுத்த கையும் வாங்கிய கையும்

"சர்வதேச ஒத்துழைப்பு" என்ற சொற்றொடர் எங்களுக்குப் புதிதன்று. சமூக அறிவியல் பாடத்தில் ஐக்கிய நாடுகள் சபை வரும் பக்கங்களில் அதுவும் வருகிறது. பேச்சுப் போட்டி மேடையில், மணி அடிப்பதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டிய சொற்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி யாது? கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த வெளிநாட்டுக் கனவான் ஒருவர் பெட்டி ஒன்றை நீட்டுகிறார். நம் நாட்டு ஏழைத் தாய் ஒருத்தி இரு கைகளாலும் அதை வாங்கிக்கொள்கிறாள். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. இந்தக் காட்சி பாதி உண்மை, பாதி பொய் என்பது எங்கள் அபிப்பிராயம். புற்றுநோயை எதிர்த்து உலக நாடுகள் சேர்ந்து நடத்திவரும் போராட்டத்தைப் பற்றி ஓரளவு படித்த பின்னரே இதை எழுதத் துணிந்தோம்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு மனம் வெதும்பி, பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, வந்தவர் எவரும் பிழைக்கப் போவதில்லையே என்று எண்ணியவர்கள் ஏராளம். 1950-களின் பிற்பகுதியில் அந்த நிலையத்திற்குக் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஒன்று வந்து சேர்ந்தது. இந்தியாவிற்கு வந்த அத்தகைய கருவிகளுள் முதலாவது அதுவே. கடல் கடந்து வந்த அந்தக் கருவியால் எத்தனை தாய்மார்கள் வீடு திரும்பியிருப்பார்கள்! பெற்றுக்கொண்டோம், நன்றி மறக்கவில்லை.

மறுபாதியைச் சொல்ல ஒரு நோயை எடுத்துக்கொள்கிறோம். அது கருப்பைவாய்ப் புற்றுநோய். இந்தச் சொல்லை ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்களுள்ளே சிலர் தயங்கினர். "உயிரியல் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சொல்லை மலரில் அச்சிட்டால் என்ன?" என்று மலர்க் குழுச் சகோதரி கேட்டதும் தயக்கம் போயிற்று. வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பதாலேயே முற்றிப்போகும் நோயைப் பற்றி, வெட்கப்படாமல் பேச ஒரு பெண்கள் பள்ளியைவிடச் சிறந்த இடம் எது?

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 3,50,000 பேர் இறந்தனர். இறந்தவர்களில் 100-க்கு 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். நம் இந்தியாவில் அவ்வாண்டில் மடிந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். இந்த எண்களில் எங்களை மிகவும் வருத்துவது அந்த 94 தான். ஏனெனில் இது தடுக்க முடியாத நோயன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸ் எனப்படும், சுருக்கமாக எச்.பி.வி. என்று சொல்லப்படும் கிருமியே ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடத்தும் இதற்குக் காரணம். அக்கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோர் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகின்றன. திருடன் வாசலில் 15 ஆண்டுகள் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவனைப் பிடிக்காவிட்டால் குற்றம் யாருடையது?

இக்கிருமியைக் கண்டுபிடித்த வரலாறு எந்த ஒரு தேசத்திற்கும் சொந்தமானதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹௌசன் என்ற விஞ்ஞானி, வேறு கிருமியே காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், பாப்பிலோமா வைரஸையே விடாமல் தேடினார். 1983, 1984-ஆம் ஆண்டுகளில் அவருடைய குழுவினர் அக்கிருமியின் 16, 18 என்ற இரு வகைகளைப் புற்றுத் திசுக்களில் கண்டனர். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிக்கு வழி திறந்தவர்களோ, சீனாவிலிருந்து வந்த ஜியான் ஸூ என்பவரும், ஸ்காட்லாந்தில் பிறந்த இயன் ஃபிரேஸர் என்பவரும். இருவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சந்தித்து, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒன்றாக உழைத்து, 1991-ல் உயிரற்ற வெறும் கூடு போன்ற ஒரு பொருளை உண்டாக்கினர். பார்வைக்கு வைரஸைப் போலவே இருக்கும். ஆனால் உள்ளே நோயுண்டாக்கும் சரக்கு ஒன்றும் இராது. சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஆள் உருவம் உண்டே தவிர உயிர் இல்லையல்லவா, அதுபோல. அந்தப் பொம்மையைப் பார்த்தே நம் உடல் போருக்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஜியான் ஸூ 1999-ல், தடுப்பூசி வெளிவருமுன்னே, 42 வயதில் காலமானார். 2006-ல் ஊசி வந்தது.

இவ்வளவும் விஞ்ஞானிகளின் பெயர்கள். இவற்றோடு இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும். ஹென்ரியட்டா லாக்ஸ் என்பவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. ஐந்து குழந்தைகளின் தாய். கருப்பைவாய்ப் புற்றுநோயால் 1951-ல் பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் இறந்தபோது அவருக்கு வயது 31. அவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், கண்ணாடிக் குப்பியில் வைத்தும் சாகாமல் பெருகின. ஹீலா என்று பெயர் சூட்டப்பட்டு உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அவை அனுப்பப்பட்டன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவியவை அவையே. சுர் ஹௌசன் குழுவினர் 18-ஆம் வகைக் கிருமியின் தடத்தை அந்த ஹீலா அணுக்களிலும் கண்டார்கள். ஆனால் அவற்றை எடுக்கும்போது அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல ஆண்டுகள் அவர் குடும்பத்துக்கே தெரியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் தான் அவருடைய குடும்பத்தாரை அழைத்து விருது வழங்கிச் சிறப்பித்தது. 70 ஆண்டுகள் கழித்து! கொடுத்தவரைக் கொடுத்தவர் என்று ஒப்புக்கொள்ளவே 70 ஆண்டு ஆயிற்று என்றால், நாம் முதலில் சொன்ன அந்தக் கனவான் காட்சியை யார் வரைந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மருத்துவமனையும், பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கின. மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். சோதனைக்கு விலையுயர்ந்த எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே அந்த வினிகர் போன்றது, அதைக் கருப்பையின் வாயில் தடவிச் சிறிது நேரம் பார்த்தால் கெட்டுவரும் இடம் வெளுத்துத் தெரியும். அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற செவிலியரே போதும். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையையும் அப்போதே தந்தார்கள்.

அழைக்கப்பட்ட 49,000 பேருக்கு மேற்பட்டோரில் 31,000-க்கும் சற்று அதிகமானவர்கள் வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கிராமத்துப் பெண்களை அறிந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களை எடுக்கும் நாள், பிள்ளைக்குக் காய்ச்சல், "ஒண்ணுமில்லாததுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு" என்னும் மாமியார், எல்லாவற்றுக்கும் மேலே கூச்சம். அப்படியிருந்தும், சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் மற்ற ஊர்களைவிட 100-க்கு 35 பங்கு குறைந்தது. 2007-ல் இந்த முடிவு 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்ற ஊரின் மருத்துவமனை நடத்திய இன்னொரு பெரிய ஆராய்ச்சி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிருமிச் சோதனை செய்தாலே மரணம் ஏறக்குறைய பாதியாகும் என்று காட்டியது. 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்குகொண்டனர். ஏழை நாடுகளுக்கு எந்தச் சோதனை ஏற்றது என்று உலகம் தேடியபோது, வழிகாட்டியவர்களில் ஒட்டன்சத்திரத்து வயல்களில் களையெடுத்த கைகளும் உண்டு. இதை நம் பாடப்புத்தகம் சொல்லவில்லையே என்று எங்களுக்கு ஆதங்கம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதி 57 தொகுதிகளின் பெண்களுக்கு அந்தச் சோதனை அளிக்கப்படவில்லை. சுகாதார விளக்கமும் வழக்கமான மருத்துவ வசதியுமே இருந்தன. மரணம் குறைந்தது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? அந்த ஊர்களில் இறந்தவர்களை எண்ணித்தான். இது நியாயமா என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் பின்னாளில் கேள்வி எழுப்ப, பெரிய விவாதம் நடந்தது. அப்படி ஒப்பிடாமல் உண்மை தெரிந்திருக்காது என்று ஆராய்ச்சியாளர்கள் பதில் சொன்னார்கள். எங்களுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கணக்கில் கெட்டிக்காரிகளான தோழியர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். ஆனால் அமெரிக்காவிலோ பிரான்சிலோ அதே ஆண்டுகளில் அப்படிப் பெண்களைச் சோதனையின்றி விட்டு எண்ணிப் பார்க்க அனுமதித்திருப்பார்களா என்ற கேள்விக்கு எவரும் "ஆம்" என்று சொல்லவில்லை.

இன்னும் முக்கியமான வரலாறு ஒன்று உண்டு. அது எங்கள் வயதுப் பெண்களைப் பற்றியது.

2009-ல் அதே லியோன் நிறுவனம், டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், இந்தியாவில் 9 மையங்களில் தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அம்பிளிக்கை அவற்றுள் ஒன்று. டில்லி, பம்பாய், ஹைதராபாத் போன்ற பெருநகரங்களும், மிசோரமும் சிக்கிமும் கூட இருந்தன. மூன்று ஊசி போடுவது அப்போது வழக்கம். இரண்டு போதுமா என்று பார்ப்பதே நோக்கம். 10 முதல் 18 வயது வரையுள்ள, மணமாகாத 20,000 பெண்களைச் சேர்க்கத் திட்டம்.

அதே சமயம் வேறொரு திட்டமும் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்துகொண்டிருந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தியது. 20,000-க்கும் மேற்பட்ட சிறுமியர்க்கு ஊசி போட்டார்கள். அவர்களில் பலர் பழங்குடியினர். அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமியர் இறந்ததாகச் செய்தி வந்து நாடே கொந்தளித்தது. விசாரணை நடந்தது. மரணங்களுக்கு ஊசி காரணமன்று என்றே விசாரணைக் குழு கூறியது. ஆனால் அதே விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் பத்திரங்களில், பல இடங்களில், விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

எங்கள் பள்ளியிலும் விடுதி உண்டு. விடுதிச் சகோதரியார் எங்கள் தோழியர்க்குத் தாய்க்குச் சமமானவர். தலைவலிக்குத் தைலம் தேய்ப்பவரும் அவரே, வீட்டு நினைவு வந்து அழுதால் கண் துடைப்பவரும் அவரே. ஆயினும் தாய்க்குச் சமம் என்பது வேறு, தாயின் கையெழுத்து என்பது வேறு. நல்ல காரியத்துக்குத்தானே என்று எவரும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் கம்மம் காட்டியது. நல்ல மருந்தின் மேலேயே மக்களுக்கு நம்பிக்கை போயிற்று. ஊசி கெட்டது என்ற வதந்தி அதற்குப் பின் எத்தனை ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியது!

2010 ஏப்ரலில் அரசு கம்மம், வதோதரா திட்டத்தை நிறுத்தியது. அதோடு நாட்டில் நடந்த மற்ற எச்.பி.வி. தடுப்பூசி ஆராய்ச்சிகளும் நின்றுபோயின. லியோன் நிறுவனத்தின் ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. அதற்குள் 17,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். சிலர் மூன்று ஊசியும் போட்டிருந்தார்கள், சிலர் இரண்டு. ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஒரு ஊசியோடு நின்றுவிட்டனர். அடுத்த ஊசி அவர்களுக்கு வரவேயில்லை.

ஆராய்ச்சி பாழாயிற்று என்று கைகழுவி விட்டிருக்கலாம். மருத்துவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்களும் செய்யவில்லை. பத்து ஆண்டுகளாக அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பள்ளிப் பெண்களாக இருந்தவர்கள் வளர்ந்து, மணமாகி, வேறு ஊருக்கு வாழப் போய், தாயானார்கள். அப்போதும் சோதனைக்கு அழைத்தபோது வந்தார்கள். எங்கள் அக்காமார் புகுந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு வருவதற்கே எத்தனை பேரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், இந்த வருகையின் அருமை விளங்கும். 2021-ல் முடிவு வெளியாயிற்று. 16, 18 வகைக் கிருமிகள் உடலில் தங்கிவிடாமல் தடுப்பதில், ஒரே ஊசி போட்டவர்களுக்கும் மூன்று ஊசி போட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இரு சாராருக்கும் பாதுகாப்பு 100-க்கு ஏறக்குறைய 95. ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் 15 முதல் 20 வயதுள்ள 2,275 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சியும் 2022-ல் அதையே உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம், 9 முதல் 20 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரே ஊசி போதும் என்ற முறையையும் ஏற்றுக்கொண்டது.

இதன் பொருள் என்ன? ஒரு பெண்ணுக்கு ஆகும் மருந்து இனி இரண்டு மூன்று பெண்களுக்கு ஆகும். மலைமேல் உள்ள பள்ளிக்குச் செவிலியர் ஒரு முறை ஏறிப் போனால் போதும். அமெரிக்காவில் 2006-ல் ஓர் ஊசியின் விலை 120 டாலர். மூன்றுக்கு 360 டாலர். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் காவி என்ற அமைப்பு பேரம் பேசி 2013-ல் 4 டாலர் 50 சென்ட் என்ற விலைக்குக் கொண்டுவந்தது. அதுவே ஒரே ஊசி என்று ஆனால், பணம் எவ்வளவு மிச்சம்! இந்த மிச்சத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் யார்? இரண்டாவது ஊசி கிடைக்காமற்போன நம் நாட்டுப் பெண்கள். அவர்களிடம் யாரும் தானம் கேட்கவில்லை. அவர்களும் தானம் செய்வதாக நினைக்கவில்லை. இன்று அவர்கள் முப்பதை ஒட்டிய வயதுடைய பெண்மணிகள்.

ஆகவே கனவானும் ஏழைத் தாயும் என்ற அந்தக் காட்சியை மாற்ற வேண்டும் என்கிறோம். இது வெறும் மானப் பிரச்சினை அன்று. வாங்குபவள் என்று ஒருத்தியை நினைத்துவிட்டால் அவளிடம் கேட்கத் தோன்றாது, அவளுக்கு விளக்கத் தோன்றாது, கிடைத்த பலனை அவளிடம் முதலில் கொண்டுபோகவும் தோன்றாது. பங்காளி என்று நினைத்தால் இவை மூன்றும் கடமையாகிவிடும். இந்தியப் பெண்களை வைத்துக் கண்ட உண்மை, 2022-க்குள் உலகத்துக்கே வழிகாட்டியாயிற்று. ஆனால் அதற்குள் இந்திய நாடு முழுமைக்குமான இலவச ஊசித் திட்டம் வந்திருக்கவில்லை. சின்னஞ்சிறு பூடான் 2010-லேயே ஆஸ்திரேலிய நண்பர்களின் உதவியோடு தொடங்கிவிட்டது. ருவாண்டா 2011-ல் தொடங்கி, சிறுமியர் 100-க்கு 90 பேருக்கு மேல் எட்டிவிட்டது. நம் நாட்டிற்குள்ளேயே சிக்கிம் 2018-ல் செய்து காட்டியது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே ஒருவருக்குக்கூட இந்நோய் காணப்படவில்லை என்று 2024-ல் எழுதினார்கள். ஒருவருக்குக்கூட!

நாடுகள் சேருவதற்குப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1963-ல் பிரெஞ்சு அறிஞர்கள் சிலர், புற்றுநோயால் மனைவியை இழந்த ஒருவரின் வேண்டுகோளால் உள்ளம் நெகிழ்ந்து, அதிபர் டிகாலிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். வல்லரசுகள் தங்கள் இராணுவச் செலவில் 200-ல் ஒரு பங்கை எடுத்துப் புற்றுநோயை எதிர்க்கத் தரட்டும் என்பதே அது. அதாவது 100 ரூபாயில் 50 காசு. அந்த விண்ணப்பத்தின் பயனாகவே 1965-ல் மேலே சொன்ன லியோன் நிறுவனம் பிறந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி ஆகிய ஐந்தும் முதல் உறுப்பினர்கள். அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் சோவியத் ரஷ்யா அதே மேசையில் வந்து அமர்ந்தது. இந்தியா 2006-ல் சேர்ந்தது. நிறுவனம் பிறந்ததே தவிர 50 காசு வரவில்லை. மிகச் சிறிய சந்தாத் தொகையோடு நாடுகள் நிறுத்திக்கொண்டன. அன்று அந்த 50 காசு கிடைத்திருந்தால் 2006-ல் வந்த ஊசி எப்போது வந்திருக்குமோ!

இப்போது நிலைமை சிறக்கவில்லை. 2020 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோயை ஒழிக்க ஒரு திட்டம் வகுத்தது. 2030-க்குள் 100 சிறுமியரில் 90 பேருக்கு 15 வயதுக்குள் ஊசி, 100 பெண்களில் 70 பேருக்குச் சோதனை, நோய் கண்ட 100 பேரில் 90 பேருக்குச் சிகிச்சை என்பது அதன் குறி. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா அந்த ஸ்தாபனத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் காவி அமைப்புக்கும் இனி நிதி தருவதற்கில்லை என்றது. தன் மக்கள் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்க எந்த நாட்டிற்கும் உரிமை உண்டு. ஆனால் "கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டோம்" என்பது போல் பேசும்போதுதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. ஹென்ரியட்டா லாக்ஸ் கொடுத்ததையும், அம்பிளிக்கைப் பெண்கள் கொடுத்ததையும் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஒரே ஊசியால் மிச்சமாகும் பணம் அமெரிக்காவுக்கும் மிச்சந்தானே?

நம் நாடும் கையை நீட்டிக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. புனே நகரத்தில் உருவான செர்வாவாக் என்ற நம் சொந்தத் தடுப்பூசி 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தமிழக அரசு 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியர்க்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. எங்களுக்கு 15 நிறைந்துவிட்டது. அறிவிப்பில் சொன்ன வயதைத் தாண்டிவிட்டோம். "உங்களுக்கு ஓராண்டு முன்னால் பிறக்கத் தெரிந்தது, ஓராண்டு பின்னால் பிறக்கத் தெரியவில்லை" என்று ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் எங்களைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். 20 வயது வரை ஒரே ஊசி போதும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். எங்கள் வீட்டாரிடம் பேசி நாங்களும் போட்டுக்கொள்வோம்.

தங்கையரின் பெற்றோர்க்கு ஒரு சம்மதப் பத்திரம் வரும் அல்லவா? அதைப் பற்றியே எங்கள் வேண்டுகோள். அது நல்ல தமிழில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய்க்கும் புரியும்படி இருக்க வேண்டும். ஊசி எந்த நோய்க்கு, போட்ட இடத்தில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு, ஊசி போட்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் சோதனைக்குப் போகத்தான் வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். விடுதி மாணவியர்க்கு அந்தத் தாள் ஊருக்குப் போய், வீட்டார் கையெழுத்தோடு திரும்பி வரட்டும். இரண்டு வாரம் தாமதமானால் ஆகட்டும். அத்தோடு அடியில் ஒரு வரி சேர்க்க இடமிருந்தால், ஒரே ஊசி போதும் என்பதை உலகம் அறிந்துகொள்ள உதவியவர்களில், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலும் வேறு எட்டு மையங்களிலும் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்ட பள்ளி வயதுப் பெண்கள் முதன்மையானவர்கள் என்று அச்சிடட்டும்.